தரங்கம்பாடியில் வண்டி நிறுத்தமும் கழிப்பறையும் நடத்தி நான் பட்ட பாடு

கடலோர ஊரில் வீடு இருக்கிறது, பின்னால் காலி இடம் கிடக்கிறது, சனி ஞாயிறானால் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், நாமும் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2022-இல் நான் அப்படி நினைத்துத்தான் இறங்கினேன். ஒன்றே முக்கால் வருஷத்தில் கையை விட்டுப் போனது 3 லட்சம் ரூபாய். பணத்தைவிடப் பெரிய விஷயம், பக்கத்து வீட்டுக் கிணறு என்னால் கெட்டுப்போனது. இப்படியெல்லாம் ஆகும் என்று ஒருவராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி தொடங்கியிருப்பேன்.

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1792-இல் கட்டிய கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. நேரே நடந்தால் சீயோன் ஆலயம், புது எருசலேம் ஆலயம், 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அதற்கு அந்தப்பக்கம் கடல் பாதி விழுங்கிய மாசிலாமணிநாதர் கோயில். எல்லாம் அரைக் கிலோமீட்டருக்குள். இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், அதனால் யாரும் ராத் தங்குவதில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த குடும்பம், திருநள்ளாற்றில் சனிக்கிழமை எள் தீபம் போட்டவர்கள், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்கள், எல்லாருக்கும் நாங்கள் வழியில் இருக்கும் ஊர். வருவார்கள், கால் நனைப்பார்கள், கட்டி வந்த புளியோதரையைச் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள்.

நான் தொடங்கியதற்குக் காரணமே ஒரு அறுபதாம் கல்யாணத் தம்பதிதான். பட்டுப்புடவை, கழுத்தில் வாடாத மாலை, அந்த அம்மா எங்கள் வாசலில் நின்று, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "பாத்ரூம் இருக்காம்மா?" என்றார். உள்ளே கூட்டிப் போனேன். வெளியே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்காரர் போய் நான்கு வருஷம், பையன் திருப்பூரில். பின்கட்டில் தென்னை நிற்கும் இடம் சும்மாதான் கிடக்கிறது. மூன்று கழிப்பறை கட்டி, வண்டி நிறுத்தவும் விட்டால் அவர்களுக்கும் உதவி, எனக்கும் வருமானம் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் இப்போதும் எனக்குத் தப்பு தெரியவில்லை. தப்பெல்லாம் கணக்கில்தான்.

இடத்தைச் சமன்படுத்தி வேலியும் கேட்டும் போட 45,000. கழிப்பறை மூன்று, செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி எல்லாமாக 2,10,000. மோட்டாரும் மேல்தொட்டியும் 35,000. மொத்தம் 2,90,000. அதில் 1,70,000 நகையை அடகு வைத்து எடுத்தது. மேஸ்திரி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை வண்டி நிக்கும்க்கா?" என்பதுதான். நானும் கயிறு பிடித்து அளந்து, முப்பது வேன் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னேன். முப்பது வேன் என்றால் ஐந்நூறு பேருக்கு மேல். ஐந்நூறு பேருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் எதைக் கட்டுவதற்கு முன்னும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிக்குள் உங்கள் இடம் எப்படி வருகிறது என்று பேரூராட்சியில் போய் எழுத்தில் கேளுங்கள். எங்களைப்போல் பழைய நினைவுச் சின்னம் பக்கத்தில் இருந்தால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். மோரோ டீயோ விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், சின்னக் கடைக்கு 2022-இல் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். நான் இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு அலைந்தேன். ஒரு மாதம் அதிலேயே போனது.

முதல் எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. வேனுக்கு 50, பஸ்ஸுக்கு 100, கழிப்பறைக்குத் தலைக்கு 5 ரூபாய். மோர், டீ, சுண்டல். சுத்தம் செய்ய ஒரு அக்காவை நாளுக்கு 400 கொடுத்து வைத்திருந்தேன். அடகுக் கடைக்கு வட்டி தவறாமல் கட்டினேன். கூட்டம் கூடக் கூடச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. மே மாதம் கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரித்தது. கோடையில் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். முதல் எச்சரிக்கை அதுதான் என்று இப்போது புரிகிறது.

2023 காணும் பொங்கல் அன்று 31 வேன் வந்தது. வாசலில் இடமில்லாமல் தெருவிலும் நின்றது. கழிப்பறை டப்பாவில் மட்டும் 3,400 ரூபாய், அதாவது 680 பேர். ஆளுக்கு ஆறு லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் ஒரே பகலில் நாலாயிரம் லிட்டர் உள்ளே போயிருக்கிறது. என் டேங்க் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம், நிரம்ப நிரம்பப் பிடித்தால் 6,800 லிட்டர். அதிலும் கால்வாசிக்கு மேல் வண்டல். செப்டிக் டேங்கில் கழிவு ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் கெட்டியானது அடியில் படியும், மேலே தெளிந்தது மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். மேலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் எல்லாம் கலந்து அப்படியே குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இது போதாதென்று, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து தை மாதம் எங்கள் மணலில் நாலடி தோண்டினால் தண்ணீர். உறிஞ்சு குழி ஏற்கெனவே பாதி ஊற்றுத் தண்ணீரில் நின்றிருக்கிறது. எதை உறிஞ்சும்? சாயங்காலம் ஐந்து மணிக்கு நடுக் கழிப்பறையிலிருந்து ஒரு சின்னப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன், பேசினில் தண்ணீர் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. வெளியே முப்பது பேர் வரிசையில். அவர்களிடம் என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. வாளியும் துடைப்பமுமாக நானும் அந்த அக்காவும் ராத்திரி பதினொரு மணிவரை நின்றோம்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நாள் கஷ்டம். ஐந்தாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு சொம்போடு வந்தார். "பாப்பா, இதைக் கொஞ்சம் மோந்து பாரு" என்றார். மோந்து பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அவர் கிணற்றுக்கும் என் குழிக்கும் இடையில் இருபத்தைந்தடி. பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் முதல் நாளே வயிற்றுப்போக்கு. பெரியம்மா சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சின்ன வயசில் தண்ணீர் குடித்த கிணறு அது.

பிள்ளைகள் மூன்று நாளில் தேறிவிட்டார்கள். கிணற்றை இரண்டு தடவை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மூன்று மாதம் அவர்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். 22,000 ஆனது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். அதை நான் தொடங்குவதற்கு முன்பே செய்து, என் கிணறு, பெரியம்மா கிணறு இரண்டின் அறிக்கையையும் கையில் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் கெட ஆரம்பித்ததையே கண்டுபிடிக்க முடியும். வருஷத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்குப் பின்னும் சித்திரையிலும், இப்போது தவறாமல் பார்க்கிறேன்.

குழியை மூடி, இடத்தின் மறுகோடியில், எந்தக் கிணற்றிலிருந்தும் நூறடி தள்ளி, தரையைவிட மூன்றடி உயர மேடை போட்டு இரண்டு அறை டேங்க் புதிதாகக் கட்டினேன். 85,000. மணல் பூமியில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் வேகமாக ஓடிவிடும், அதனால் களிமண் ஊர்களில் சொல்லும் தூரக் கணக்கை இங்கே நம்பக் கூடாது. மழைக்காலத்துத் தண்ணீர் மட்டத்தை அளந்துவிட்டு, அதற்கு மேல் வருகிற மாதிரி குழி போட வேண்டும். சித்திரையில் தோண்டிப் பார்த்துவிட்டு "பத்தடிக்குத் தண்ணியே இல்லை" என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் கேட்காதீர்கள். அப்புறம், கார்த்திகைக்கு முன் ஒரு தடவை, பொங்கல் கூட்டம் முடிந்ததும் ஒரு தடவை லாரி வைத்து டேங்கைக் காலி செய்ய வேண்டும். லாரிக்காரரிடம் உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டு போய் விடுகிறார் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து எடுத்ததை நாலு தெரு தள்ளி வாய்க்காலில் விட்டுவிட்டுப் போவார்.

புது டேங்க் கட்டிவிட்டேன், இனி பயமில்லை என்று அந்த மே மாதம் மறுபடி கதவைத் திறந்தேன். பள்ளிக்கூட விடுமுறை, கூட்டம். மோட்டார் காலை, மதியம், சாயங்காலம் என்று ஓடியது. மூன்றாவது வாரம் டீ திரிந்தது. பால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட்டு வேறு பால் வாங்கினேன், அதுவும் திரிந்தது. கடைசியில் தண்ணீரை வாயில் வைத்தால் வெறும் உப்பு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, நல்லது லேசு, உப்பு கனம். மேலே நாம் இறைத்து மட்டத்தை ஓரடி குறைத்தால், கணக்குப்படி கீழே உப்பு ஏறத்தாழ நாற்பதடி மேலே வரும். இந்த ஒரு வரி எனக்கு 2022-இல் தெரிந்திருந்தால் ஒரு குதிரைச் சக்தி மோட்டாரைப் போட்டு மணிக்கணக்கில் உறிஞ்சியிருக்கவே மாட்டேன். அப்படி ஏறிய உப்பு மோட்டாரை நிறுத்திய மறுநாள் இறங்கிவிடுவதும் இல்லை. என் கிணறு குளிக்கிற அளவுக்குத் திரும்ப இரண்டு மழைக்காலம் ஆனது. வாசல் முருங்கை பட்டுப்போனது, அது திரும்பவில்லை.

அந்த மே மாதத்தோடு மூடினேன். ஐந்து மாதம் கேட்டுக்குப் பூட்டு. இரவில் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியதையே திரும்பத் திரும்பக் கூட்டுவேன். போட்டது 2,90,000, அப்புறம் கிணற்றுக்கும் புது டேங்குக்கும் 1,07,000. செலவு, வட்டி எல்லாம் போக நின்ற வருமானம் 96,000. பையன் "விட்டுட்டு இங்கே வந்துடும்மா" என்றான். அடகு நகையை நினைத்து அழுகை வந்தாலும், பெரியம்மாவை வாசலில் பார்க்கும்போது வந்ததுதான் தாங்க முடியாதது.

மூடிக் கிடந்த காலத்தில்தான் ஊரைக் கண் திறந்து பார்த்தேன். நான் கேட்டைப் பூட்டியதும் வேன்கள் கடற்கரையில் மீனவர்கள் வலை காயப்போடும் இடத்தில் போய் நின்றன. ஒரு வேன் பின்னால் எடுக்கும்போது டயர் வலைமேல் ஏறி, சுற்றிக்கொண்டு, இருபது முழத்துக்குக் கிழிந்துவிட்டது. வலைக்காரர் அதை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார். வேன்காரர் 500 ரூபாயை நீட்டினார். அன்று அடிதடி ஆகாமல் போனது பெரிசு. வருகிறவர்களை நாம் ஒரு இடத்தில் நிறுத்தினால் அது நம் தொழில் மட்டும் இல்லை, அவர்கள் போய் நிற்காத இடத்துக்கும் அது காவல் என்று அப்போதுதான் தோன்றியது. மறுபடி தொடங்குவதற்கு முன் நான் முதலில் போனது மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாரிடம். எந்த இடத்தில் எந்த மாதம் வலை காயும், கருவாடு காயும் என்று அவர்கள் சொன்னதை எழுதி வாங்கினேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். கடற்கரை பார்க்கக் காலியாக இருக்கும், உண்மையில் ஒவ்வொரு அடியும் ஒருவருடைய வேலை இடம்.

கண்ணாடி பாட்டில் இன்னொரு தலைவலி. டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கு வந்தது. அப்படிப் பத்து ரூபாய் கிடைக்கும் பாட்டிலைப் பொறுக்குவதற்கு ஆள் உண்டு. எங்களுக்குப் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே காரைக்கால், அது புதுச்சேரி நிர்வாகம், சரக்கு அங்கே மலிவு. அங்கே வாங்கிய பாட்டிலுக்கு இங்கே ஒரு பைசா கிடையாது, அதனால் அது மணலில்தான் கிடக்கும். நானே ஒரு வழி செய்தேன். கேட்டில் வண்டி நுழையும்போது டிரைவரிடம் 200 ரூபாய் முன்பணம், போகும்போது வண்டிக் குப்பை மொத்தத்தையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தால் பணம் திரும்ப. ஒரு பாட்டில்கூட இப்போது என் இடத்தில் விழுவதில்லை. சாப்பாட்டுக்குத் தட்டு கொண்டு வர வேண்டாம், வாழை இலை நான் தருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். இலை மாட்டுக்குப் போகிறது. பிளாஸ்டிக் பூசிய தட்டு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை, ஆனால் பலகையில் எழுதி மாட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். கையில் இலையைக் கொடுத்தால் தட்டை எடுக்கவே மாட்டார்கள்.

டிரைவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு வருவது, எவ்வளவு நேரம் இருப்பது எல்லாவற்றையும் முடிவு செய்வது அவர்கள்தான், வண்டிக்குள் இருக்கும் குடும்பம் இல்லை. தொடக்கத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் வண்டிக்கு இவ்வளவு கமிஷன் என்று கேட்டார், கொடுத்தேன். அவர் மாலை நாலு மணிக்கு ஒரே நேரத்தில் ஒன்பது வண்டியை அனுப்புவார். கூட்டம் நெரிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இப்போது கமிஷன் கிடையாது. டிரைவருக்கு ஒரு சாப்பாடு, கயிற்றுக் கட்டில், மின்விசிறி, போன் சார்ஜ் போட ஒரு பிளக். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவருக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் காசைவிடப் பெரிசு. "அண்ணே, காலை ஏழு மணிக்கு இங்கே வந்துட்டுத் திருக்கடையூர் போங்க" என்றால் கேட்கிறார்கள். காலையில் வருகிறவர்கள் அமைதியாகச் சுற்றிப் பார்க்கிறார்கள், கடலிலும் இறங்குவதில்லை. மாலையில் வருகிற கூட்டம்தான் கோயில் பக்கம் கொட்டியிருக்கும் பாறைமேல் ஏறிப் படம் எடுக்கிறது. அங்கே பாசி வழுக்கும், இழுப்பும் அதிகம். "ஆபத்து" என்று சொன்னால் இளவட்டம் அங்கேதான் போகும். அதனால் கால் நனைக்க எந்த இடம் நல்லது என்று கையைக் காட்டி அனுப்புகிறேன்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். ஒரு நாளைக்கு ஆறு வேன், சித்திரை வைகாசியில் நாலு. போனில் சொல்லிவிட்டு வர வேண்டும். வேனுக்கு 300, அதிலேயே கழிப்பறை, நிழல், குடிதண்ணீர், இலை எல்லாம் அடக்கம். தலைக்கு ஐந்து ரூபாய் டப்பாவை எடுத்துவிட்டேன். அந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். ஆறு வேன் என்ற கணக்கைப் போட்டது டேங்கையும் கிணற்றையும் வைத்து, இடத்தை வைத்து அல்ல. நூற்றுப்பத்துப் பேர், 700 லிட்டருக்குள். மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் காலை அரைமணி, ராத்திரி அரைமணி. மாடி ஆயிரம் சதுர அடி, அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் வரும், அத்தனையும் வடிகட்டி கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறேன். மீன் சாப்பாடு கேட்பவர்களிடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை, வஞ்சிரம் கிடைக்காது, நாட்டுப்படகில் வந்தது இருந்தால் உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். செலவு போக மாதம் ஆறாயிரம் நிற்கிறது. நகையில் பாதியை மீட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார், மூன்று பஸ், நூற்றைம்பது பேர், கேட்கிற பணம் தருகிறோம் என்றார். ஒரே நாளில் முடியாது, புதன்கிழமை பாதி, வியாழக்கிழமை பாதி என்றால் வாருங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது பெரியம்மா அவர் கிணற்றில் வாளியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.